பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் உண்டா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. மூச்சிரைப்பு நோய் காரணமாக எட்டாம் தரத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினோம். அன்று முதல் நானும் கணவருமாக வீட்டில் வைத்தே படிப்பிக்கிறோம். கணிதத்தில் கெட்டிக்காரன், பொறியியல் படிக்க ஆசைப்படுகிறான். "பள்ளிக்கூடப் பெயர் இல்லாதவனைக் கம்பஸ் எடுக்காது" என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணாவோ, "என்னென்ன படித்தான் என்று நீங்களே ஒரு பதிவேடு எழுதி வையுங்கள், அது போதும்" என்கிறார். யார் சொல்வது சரி? 13 வயது மகளும் வீட்டில்தான் படிக்கிறாள். (ஒரு தாய், கோப்பாய்)

பதில்: உங்கள் உறவினர்கள் சொல்வது பிழை. அண்ணா சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்கு ஓரளவு சரி.

இலங்கையில் அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவுசெய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. அது பார்ப்பது தரம் 13 முடிவில் எழுதும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றை. பிள்ளை எந்தக் கல்லூரியின் சீருடை போட்டது என்று அது கேட்பதில்லை. கல்லூரிப் பெயரைக் குலப்பெருமைபோலச் சொல்லிப் பழகிய எங்கள் ஊரில் இதை நம்பவைப்பது கடினம்தான். ஆனாலும் தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரத்தையும் பிறகு உயர்தரத்தையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், எழுதிப் பல்கலைக்கழகம் போனவர்களும் இருக்கிறார்கள். உயர்தரத்தின் மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது சாதாரண சித்தி வேண்டும். உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியாவது எடுக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை தோற்றலாம்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டில் படித்த பிள்ளைக்குப் பெற்றோர் எழுதிய பாடப் பதிவேட்டைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஆனால் அங்கேயும் பெற்றோர் எழுதியது மட்டும் போதாது; குடும்பத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையோ பொதுத் தேர்வுப் புள்ளியையோ சேர்த்துக் கேட்பது வழக்கம். இங்கே அந்தப் பதிவேட்டுக்கு இடமே இல்லை. பிரித்தானியப் பரீட்சையான லண்டன் உயர்தரம் எழுதுவிக்கலாமா என்று அடுத்து யாராவது யோசனை சொல்வார்கள். வெளிநாட்டுக்கும் தனியார் பட்டக் கற்கைகளுக்கும் அது உதவும். உள்நாட்டு உயர்தரம் எழுதியவர்களை வரிசைப்படுத்தும் இசட் புள்ளி வழியாக அரச பல்கலைக்கழகத்துக்குப் போக அது உதவாது. கட்டணமும் பெரிது. மகன் உள்நாட்டில் பொறியியல் படிக்க விரும்பினால் தமிழ்மொழி மூல உயர்தரமே நேர்வழி.

ஆக, வாசல் திறந்துதான் இருக்கிறது. எனக்குக் கவலை வேறோர் இடத்தில்.

இசட் புள்ளி என்பது பிள்ளை எடுத்த புள்ளி அல்ல. அந்த ஆண்டில் அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதை, நியம விலகலால் (எல்லாருடைய புள்ளிகளும் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால்) வகுத்துச் சொல்லும் கணக்கு அது. மூன்று பாடங்களுக்கும் வந்ததைச் சராசரி எடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைக்கும், 55 சதவீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகின்றன. வீட்டில் படிக்கும் பிள்ளை தன்னைத் தன்னோடு மட்டுமே ஒப்பிட்டுக்கொண்டு வளர்கிறது. போன மாதம் 60, இந்த மாதம் 72 என்றால் வீட்டில் சந்தோஷம். அதே வினாத்தாளில் ஊரில் நாற்பது பேர் 80க்கு மேலே எடுத்திருப்பது வீட்டுக்குத் தெரியாது.

உங்கள் மகனுக்கு இப்போது அவசரமாக வேண்டியது இன்னொரு புத்தகம் அல்ல, முன்பின் தெரியாத ஒருவர் திருத்திய விடைத்தாள். தாய் திருத்தும்போது, மகன் எழுத நினைத்ததையும் சேர்த்து வாசித்துவிடுகிறார். பரீட்சகர் தாளில் உள்ளதை மட்டும் வாசிக்கிறார். படி ஒன்று விடுபட்டால் அந்தப் படிக்குரிய புள்ளி இல்லை, அலகு எழுதாவிட்டால் அதற்கும் வெட்டு. ஆகவே நல்ல ஒரு தனியார் கல்வி நிலையத்தில் மாதிரிப் பரீட்சைகளுக்கு மட்டுமாவது மகனைச் சேர்த்துவிடுங்கள். மூச்சிரைப்புக்காரப் பிள்ளையைச் சனநெரிசலான கொட்டகையில் தினமும் மூன்று வகுப்புக்கு இருத்தச் சொல்லவில்லை. பாடத்தை வீட்டில் படிக்கட்டும், பரீட்சையை வெளியில் எழுதட்டும். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடல் திட்டங்களை மகனே எடுத்து, தன் விடையோடு வரிவரியாகப் பொருத்திப் பார்க்கப் பழக வேண்டும்.

நேரம் வைத்து எழுதும் பழக்கம் அடுத்தது. பொறியியலுக்கு வேண்டிய உயர்தரப் பாடங்களில் ஒன்றான இணைந்த கணிதத்தில் வினாத்தாள் ஒன்றுக்கு மூன்று மணித்தியாலம். பகுதி அ-வில் பத்து வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும், பகுதி ஆ-வில் ஏழில் ஐந்து. அந்த ஐந்தைத் தெரிவதே தனிக் கலை. கணிதத்தில் விருப்பமுள்ள பிள்ளைகள் கடினமான வினாவைக் கண்டதும் விடாப்பிடியாக அதில் முக்கால் மணித்தியாலம் இருந்துவிடுவார்கள். வீட்டில் அது நல்ல குணம், பரீட்சை மண்டபத்தில் அதுவே ஆளை விழுத்தும். முதல் சில நிமிடங்களில் ஏழையும் வாசித்து இரண்டை ஒதுக்கும் துணிவு, பல கடந்தகால வினாத்தாள்களை மேசையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு செய்த பிறகுதான் வரும்.

ஆய்வுகூட வேலையைப் பெற்றோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். உயர்தரப் பௌதிகவியல் அமைப்புக் கட்டுரை வினாக்கள் பரிசோதனையைக் கையால் செய்தவனிடம் கேட்பதுபோலவே கேட்கப்படும். வேணியர் இடுக்கிமானியின் இழிவெண்ணிக்கை (அதால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.1 மில்லிமீற்றர் என்று மனப்பாடம் செய்தவனுக்கும், தாடைகளைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு பூச்சியமும் நேருக்கு நேர் நிற்கவில்லையே என்று கண்டு, அந்தப் பூச்சிய வழுவைக் கூட்டுவதா கழிப்பதா என்று தலையைச் சொறிந்தவனுக்கும் விடையில் வித்தியாசம் தெரியும். இடுக்கிமானியும் நுண்மானித் திருகுக்கணிச்சியும் விலைக்கு வாங்கக்கூடியவைதாம். ஒரு ஊசலை நூலும் இரும்புக் குண்டும் கொண்டு கூடத்திலேயே தொங்கவிடலாம். ஆனால் இரசாயனவியல் நியமிப்பை வீட்டில் செய்ய விடாதீர்கள். அமிலத்தை அளவியில் நிரப்பும் வேலை ஆசிரியர் ஒருவரின் கண்முன் நடக்க வேண்டியது. ஆய்வுகூடம் உள்ள கல்வி நிலையத்தையோ, அயலில் உள்ள பாடசாலை அதிபரையோ அணுகிக் கேளுங்கள். கேட்டால் இல்லை என்பார்களோ என்று கேட்காமலே விடுவதுதான் எங்கள் வழக்கம்.

என்னைக் கேட்டால், மகனின் உடல்நிலை இடங்கொடுத்தால், சாதாரண தரத்தை வீட்டிலிருந்து எழுதி முடித்த பின் உயர்தரத்துக்கு மட்டும் பாடசாலையில் சேர்ப்பதே நல்லது. உயர்தரத்துக்குத் தரம் 11 வரையில் உள்ளதுபோன்ற அரச பாடநூல் கிடையாது. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் வைத்துக்கொண்டு மூன்று விஞ்ஞானப் பாடங்களைத் தாய் தகப்பன் மட்டும் நடத்துவது பெரிய பாரம். சேர்ப்பதானால் பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே அதிபரோடும் வலயக் கல்விப் பணிமனையோடும் பேசி நிபந்தனைகளைக் கேட்டு வையுங்கள். இலங்கையில் 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பதால், மகன் ஏன் பாடசாலையை விட்டார் என்பதற்கான வைத்திய அறிக்கைகளும் ஒரு கோவையில் இருக்கட்டும். பணிமனையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இனிக் கடதாசி வேலை. பாடசாலை மாணவருக்கு அதிபர் செய்துகொடுப்பதை எல்லாம் நீங்கள் அலைந்து செய்ய வேண்டும். தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். பாடசாலை மாணவரின் விண்ணப்பத்தை அதிபர் உறுதிப்படுத்துவார். உங்கள் மகனுக்குக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகம் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தமிழில் ஒரு விதம், ஆங்கிலத்தில் வேறு விதம், முதலெழுத்தில் இன்னொரு விதம் என்று கிடப்பது எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணம். அடையாள அட்டை எடுக்கும் முன் அதைச் சரிசெய்தால் பின்னால் வரும் பாதித் தலையிடி இல்லை. தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கான அறிவித்தல் பத்திரிகையிலும் திணைக்கள இணையத்தளத்திலும் வரும், முடிவுத் திகதி கண்டிப்பானது. பரீட்சை மாதங்கள் அண்மைய ஆண்டுகளில் முன்பின்னாக மாறியிருப்பதால் பழைய கணக்கில் இருந்துவிடாதீர்கள். அனுமதி அட்டை வந்ததும் கையொப்பத்தைச் சமாதான நீதவான் போன்ற ஒருவரிடம் உறுதிப்படுத்தி வைத்துவிடுங்கள். மாவட்டப் பங்கீட்டுக்கு வதிவிடத்தைக் காட்டவேண்டி வரலாம் என்பதால், நீங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில் தொடர்ந்து குடியிருப்பதற்கான சான்றுகளையும் ஆண்டுவாரியாகச் சேருங்கள்.

சாதாரண தரத்தில் வரலாறு, சமயம், ஆங்கிலம் மூன்றையும் ஓரங்கட்டும் போக்கு வீட்டுப் பிள்ளைகளிடம் உண்டு; பிடித்ததைப் படிக்கும் சுதந்திரத்தின் மறுபக்கம் அது. சில பட்டக் கற்கைகள் சாதாரண தர ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் குறிப்பிட்ட சித்தியைக் கேட்கின்றன. ஆங்கிலத்தை நான் அதிகம் வற்புறுத்துவதற்குக் காரணம் வேறு. தமிழில் உயர்தரம் எழுதி உள்ளே போகும் பிள்ளைக்குப் பொறியியல் பீடத்தில் விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். முதலாம் ஆண்டில் தடுமாறும் பிள்ளைகள் பலருக்குக் கணக்கு தெரியாமல் போவதில்லை, விரிவுரையாளர் வாயால் சொல்வதைக் கையால் எழுதிமுடிக்க முடியாமல் போகிறது. இப்போதிருந்தே கிழமைக்கு ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒரு மணித்தியால விரிவுரை ஒன்றை இணையத்தில் நிறுத்தாமல் கேட்டுக் குறிப்பெடுக்கட்டும். நிறுத்தி நிறுத்திக் கேட்டால் பயிற்சி இல்லை. அடுத்த நாள் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தமிழில் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகம் என்றால் வீட்டை விட்டுப் போவதும்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் அதன் பிரதான வளாகம் உள்ள யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இல்லை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. கிடைக்கும் இடம் மொறட்டுவையாகவும் இருக்கலாம், பேராதனையாகவும் இருக்கலாம். அங்கே சிங்களம் பேசும் அறைத்தோழன் இருப்பான், குழுவாகச் செய்யும் ஒப்படைகள் இருக்கும், காலை எட்டு மணி வகுப்புக்கு எழுப்ப அம்மா இருக்கமாட்டார். வீட்டிலேயே இருந்த பிள்ளைக்கு இதைச் சின்னச் சின்னதாகப் பழக்கலாம். வாரத்தில் சில நாள் பொது நூலகத்தில் போய்ப் படித்துவரட்டும். தன் மருந்தைத் தானே கணக்கு வைத்து வாங்கட்டும், பஸ்ஸில் தனியே கிளிநொச்சி போய் வரட்டும். பரீட்சை விண்ணப்பத்தையும் அவரே நிரப்ப வேண்டும், நீங்கள் சரிபார்த்தால் போதும். பகிடிவதை பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். யாரிடம் முறையிடலாம் என்று அறிந்து போகும் பிள்ளை ஓரளவு தைரியமாக இருக்கும்.

இசட் புள்ளி எட்டாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விடை வைத்திருங்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் உண்டு. உயர்தரம் இல்லாதவர்களும் அடித்தளக் கற்கையில் தொடங்கி மேலே போகலாம், வீட்டிலிருந்து படித்துப் பழகியவருக்கு அந்த முறை பொருந்தும். உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமாக்களும், அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளைக்கு நல்ல இடங்கள். இவற்றை "கிடைக்காதவர்கள் போகிற இடம்" என்று பிள்ளையின் காதில் விழும்படி பேசாமல் இருப்பது பெரியவர்களின் பொறுப்பு.

மகளுக்கு நேரம் இருக்கிறது. சாதாரண தரத்தின் ஆறு கட்டாயப் பாடங்களையும் இப்போதே அளவாகத் தொடங்குங்கள், விருப்பப் பாடங்களைத் தெரிய அவசரம் வேண்டாம். சங்கீதமோ நடனமோ பழகுகிறாள் என்றால் வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்கு அனுப்புங்கள். அறியாத பரீட்சகர் முன் நின்று செய்து காட்டும் அனுபவம் அவளுக்கு அண்ணாவை விட முந்திக் கிடைத்துவிடும். அழகியல் பாடம் ஒன்றைச் சாதாரண தரத்துக்கும் எடுப்பதானால் அதற்குச் செயன்முறைப் பரீட்சை உண்டு, அதன் திகதி எழுத்துப் பரீட்சையிலிருந்து வேறாக வரும் என்பதை விண்ணப்பிக்கும்போதே குறித்து வையுங்கள்.