‘லினக்ஸுக்கு உகந்தது’ என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

கேள்வி: எங்களுடையது 14 பேர் வேலை செய்யும் சிறிய அனிமேஷன் நிறுவனம். ஒரு கணினி நிறுவனம் புதிதாக வெளியிட்டிருக்கும் ஒர்க்ஸ்டேஷன்களை, அதாவது கனமான வேலைகளுக்கான கணினிகளை, ‘லினக்ஸுக்கு உகந்தவை’ என்று விளம்பரம் செய்கிறது. அதே நிறுவனத்தின் வேறொரு மாடலில் அதே சிப், அதே அளவு நினைவகம் இருக்கின்றன, விலையும் குறைவு. ஆனால் அந்த வாசகம் இல்லை. கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் உண்டா?

பதில்: லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் பல வகை உண்டு. ஆகவே விற்பவரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: எந்த லினக்ஸ், அதில் எந்தப் பதிப்பு? இதற்குப் பதில் வர எத்தனை நாளாகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

‘உகந்தது’ என்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அட்டைப்பெட்டியில் அச்சடித்துக்கொள்ளலாம். ‘சான்று பெற்றது’ என்றால் கதை வேறு. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை உருவாக்கும் கெனானிக்கல் நிறுவனமும், தன் பெயரிலேயே ஒரு லினக்ஸ் தரும் ரெட் ஹாட் நிறுவனமும் தாங்கள் சோதித்துச் சான்றளித்த கணினிகளின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கின்றன. மாடல் எண்ணை அங்கே நீங்களே தேடிப் பார்க்கலாம். பெரிய நிறுவனங்கள் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. டெல் 2012-இல் மென்பொருள் எழுதுவோருக்கென்று உபுண்டு நிறுவிய மடிக்கணினியை விற்கத் தொடங்கியது. லெனோவோ 2020-இல் தன் ஒர்க்ஸ்டேஷன் வரிசை முழுவதற்கும் உபுண்டு, ரெட் ஹாட் சான்று பெறப்போவதாக அறிவித்தது. சிஸ்டம்76 என்ற நிறுவனம் 2005 முதல் லினக்ஸ் கணினி விற்பதையே தொழிலாக வைத்திருக்கிறது.

பட்டியலில் பெயரைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சான்று ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கும், சோதித்த அன்று பெட்டிக்குள் இருந்த உறுப்புகளுக்கும் உரியது. ஒரே மாடல் பெயரில் மூன்று விதமான வைஃபை கார்டு, நான்கு விதமான கிராஃபிக்ஸ் கார்டு போட்டு விற்பது இந்தத் தொழிலில் வெகு சாதாரணம். மடிக்கணினி வடிவ ஒர்க்ஸ்டேஷன் என்றால் கேமராவையும் கைரேகை உணரியையும் தனியாக விசாரியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இன்டெல் சிப்புகளோடு வந்த புதுவகைக் கேமராக்கள் பல லினக்ஸ் பதிப்புகளில் கறுப்புத் திரையைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. ‘எல்லாம் வேலை செய்கிறது, வீடியோ கூட்டத்தில் மட்டும் என் முகம் தெரியவில்லை’ என்று எனக்கே பலர் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில மாடல்கள் தயாரிப்பாளர் தமக்கென மாற்றியமைத்த உபுண்டுவோடு வருகின்றன. அவற்றில் பொதுவான உபுண்டுவை நிறுவினால் சரியாக ஓடாமல் போகலாம் என்று சான்றுப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும். யாரும் படிப்பதில்லை. வட்டு பழுதாகி மறுபடி நிறுவும் நாளில்தான் அது நினைவுக்கு வரும். ஆகவே அந்த மாற்றியமைத்த உபுண்டுவை மறுபடி நிறுவ மீட்பு நகல் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டு வாங்கிவையுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் மென்பொருள்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருவது. மாயா, ஹூடினி, நியூக், பிளெண்டர் ஆகிய நான்குக்கும் லினக்ஸ் வடிவம் உண்டு. ஆனால் மாயாவைத் தரும் ஆட்டோடெஸ்க் ஆதரிப்பது ரெட் ஹாட்டையும் அதன் வழியில் உருவான ராக்கி லினக்ஸையும். நீங்கள் வாங்கும் கணினியோ உபுண்டுவுக்கு மட்டும் சான்று பெற்றதாக இருக்கலாம். அப்போது கோளாறு வந்தால் கணினிக்காரர் மென்பொருள்காரரைக் கைகாட்டுவார், மென்பொருள்காரர் இயங்குதளத்தைக் கைகாட்டுவார், நடுவில் உங்கள் வேலை நிற்கும். மென்பொருள் ஆதரிக்கும் பதிப்பும் கணினி சான்று பெற்ற பதிப்பும் ஒன்றாக இருந்தால் கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுங்கள். பொருந்தாவிட்டால் அந்த வாசகம் உங்களுக்குப் பயன்படாது. விலை குறைந்த மாடலில் ஒன்றை மட்டும் வாங்கி இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸோடு வரும் ஒர்க்ஸ்டேஷனை வாங்கி நாங்களே லினக்ஸ் நிறுவிக்கொண்டால் என்ன? எங்களிடம் விவரம் தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

பதில்: அவர் விடுப்பில் போகும் வாரத்தில்தான் கணினி மக்கர் செய்யும். அது ஒருபுறம் இருக்கட்டும். தாராளமாகச் செய்யலாம், பலர் செய்கிறார்கள்.

வாங்குமுன் லினக்ஸை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய், வட்டில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் துவக்கிப் பாருங்கள். திரை வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம். கணினியைத் தூங்கவைத்து எழுப்புங்கள். இரண்டாவது மானிட்டரை இணைத்து எடுங்கள். ஒலி, வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்தத் தூங்கி எழும் இடத்தில்தான். நிறுவும்போது வட்டே கண்ணில் படவில்லை என்றால் பதறாதீர்கள். தொழிற்சாலையில் பல கணினிகளின் வட்டுக் கட்டுப்பாட்டை ‘ரெய்டு’ நிலையில் வைத்து அனுப்புகிறார்கள். கணினி துவங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் அதை ‘ஏஹெச்சிஐ’ என்று மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதே வட்டில் விண்டோஸும் இருந்தால், அதற்குரிய ஏற்பாட்டைச் செய்யாமல் மாற்றிவிடாதீர்கள். அது துவங்க மறுக்கும்.

ஃபர்ம்வேரை, அதாவது கணினியின் உறுப்புகளுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளைப் பற்றி அவசியம் விசாரியுங்கள். எல்விஎஃப்எஸ் என்ற பொதுச் சேவையின் வழியாகத் தங்கள் கணினிகளுக்கான ஃபர்ம்வேரைத் தரும் நிறுவனங்கள் பல உண்டு. லினக்ஸுக்குள் இருந்தபடியே புதுப்பித்துக்கொள்ளலாம். அதில் சேராத கணினி என்றால், பாதுகாப்புத் திருத்தம் வரும்போது விண்டோஸைத் தேடி ஓட வேண்டிவரலாம்.

உத்தரவாதத்தில் இரண்டு பகுதி இருப்பதையும் கவனியுங்கள். மின்வழங்கி புகைந்தால் மாற்றித் தருவார்கள். இயங்குதளத்தை நீங்கள் மாற்றியது அதைப் பொதுவாகப் பாதிக்காது. திரை அவ்வப்போது உறைகிறது என்று புகார் செய்தால், ‘முதலில் கணினியோடு வந்த விண்டோஸைப் போட்டுச் சோதியுங்கள்’ என்பார்கள். அதனால் பழைய வட்டை அழிக்காமல் எடுத்துவைத்துவிட்டு, வேறு வட்டில் லினக்ஸை நிறுவுங்கள்.

கேள்வி: என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு சரியாக ஓட வேண்டுமானால் ‘செக்யூர் பூட்’ வசதியை அணைத்தே ஆக வேண்டும் என்கிறார் கணினியை நிறுவ வந்தவர். சரியா?

பதில்: அவருக்கு அது சுலபம். அந்த வசதியின்படி, டிஜிட்டல் கையொப்பமிட்ட டிரைவரைத்தான் (கார்டை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏற்கும். உபுண்டு கையொப்பமிட்டுத் தரும் என்விடியா டிரைவரை நிறுவினால் எதையும் அணைக்க வேண்டியதில்லை. கணினியிலேயே தொகுக்கப்படும் டிரைவர் என்றால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதுவக்கத்தில் ஒரு நீலத்திரை வந்து அதே சொல்லைக் கேட்கும். பலர் அந்தத் திரையைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். டிரைவர் ஏறாது, பழி செக்யூர் பூட் மேல் விழும்.

வேறொரு விதமான கணினியும் உண்டு. மைக்ரோசாஃப்டின் கூடுதல் பாதுகாப்பு விதிப்படி வரும் சிலவற்றில், மற்றவர்களின் மென்பொருள் கையொப்பத்தைச் சரிபார்க்கும் மூன்றாம் தரப்புச் சாவியை ஏற்காத நிலையில் வைத்தே அனுப்புகிறார்கள். அதில் லினக்ஸ் பென் டிரைவே துவங்காது. பயாஸில் அந்தச் சாவியை அனுமதிக்கும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். லினக்ஸ் நிறுவியே விற்கும் கணினியில் இந்தத் தொல்லை இராது. என்னைக் கேட்டால், கூடுதல் விலைக்கு ஒரு நல்ல காரணம் இதுதான்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் பழைய கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. அவர்களுக்கும் லினக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் வாங்கலாமா?

பதில்: கணக்கு எழுத ஒர்க்ஸ்டேஷன் எதற்கு? பிழைதிருத்தும் இசிசி நினைவகமும் கனமான கிராஃபிக்ஸ் கார்டும் இரவு முழுதும் கணக்கிடும் வேலைகளுக்கு. உங்கள் கணக்கு மென்பொருள் பிரவுசரில் ஓடுவது என்றால் அந்தப் பழைய கணினிகளிலேயே லினக்ஸை நிறுவிப் பாருங்கள். விண்டோஸில் மட்டும் ஓடுவது என்றால் அந்தப் பிரிவை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓர் இயங்குதளத்துக்கென்றே கணினி வாங்கிவிட்டு, நாளை அந்த நிறுவனம் வரிசையை நிறுத்திவிட்டால் நாங்கள் நடுத்தெருவில் நிற்க மாட்டோமா?

பதில்: பழைய ஆள் கேட்கும் கேள்வி இது, நியாயமானதும்கூட. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் ஒர்க்ஸ்டேஷன்கள் ஒரு காலத்தில் திரைப்படக் காட்சிகளுக்குப் பெயர் பெற்றவை. சிப், இயங்குதளம் இரண்டும் அவர்கள் வசம். 2006-இன் இறுதியில் அந்த வரிசையின் உற்பத்தி முடிந்தது. 2013-இல் ஆதரவும் முடிந்தது. அந்தப் பெட்டிகளில் பிறகு ஓட்டுவதற்கு உருப்படியாக வேறெதுவும் இல்லை.

இப்போது வாங்குவது அப்படியல்ல. உள்ளே இருப்பது எல்லோரும் பயன்படுத்தும் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப். விற்றவர் கடையை மூடினாலும் வேறொரு லினக்ஸையோ விண்டோஸையோ நிறுவிக்கொள்ளலாம். உபுண்டுவின் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டுகள் வழக்கமான திருத்தங்கள் வரும், உபுண்டு புரோ சந்தா இருந்தால் 10 ஆண்டுகள். ரெட் ஹாட்டின் பெரும்பதிப்புகளுக்கும் 10 ஆண்டுகள். உங்கள் கணினியின் ஆயுள் அதைவிடக் குறைவாகவே இருக்கும். தனக்கென்று சொந்த இயங்குதளம் வைத்திருக்கும் சிறிய நிறுவனத்திடம் வாங்குவதானால் மட்டும், பொதுவான உபுண்டுவோ ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸோ அந்தக் கணினியில் ஓடுகிறதா என்று பென் டிரைவில் ஒருமுறை துவக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.