பேஸ்மென்டில் வினைல்: முதலில் தரையைப் பாருங்கள்

பேஸ்மென்டுக்குத் தங்கள் கையாலேயே வினைல் பலகை போடுவது பற்றி ரொறன்ரோவிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்கள் இந்த முறை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: முதல் தடவையாக நானே போடப்போகிறேன், அண்ணா. 'நூறு வீதம் வாட்டர்ப்ரூஃப்' என்று போட்ட பலகை வாங்கிவிட்டேன். சீமெந்துத் தரையில் சுவரோரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மேலே போட்டு மூடலாமா? (ஸ்காபரோ)

பதில்: மூட வேண்டாம், தம்பி. அந்த வெள்ளை, சீமெந்துக்குள்ளால் ஊறி வந்த தண்ணீர் காயும்போது விட்டுப்போன உப்பு. உங்கள் தரைக்குள் ஈரம் வந்து போகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

'வாட்டர்ப்ரூஃப்' என்ற இந்தச் சொல்லின் மேல் எனக்குப் பல வருடக் கோபம். பலகை தண்ணீரில் கிடந்தாலும் ஊதாது, அது உண்மை. மேலே தேத்தண்ணி கொட்டினால் துடைத்துவிடலாம், அதுவும் உண்மை. கீழிருந்து வரும் ஈரத்தைப் பற்றி மட்டும் அந்தச் சொல் எதுவுமே சொல்வதில்லை. வெறும் சீமெந்தாக இருந்தவரை காற்றில் காய்ந்துகொண்டிருந்த ஈரம், பலகை போட்டதும் போக வழியில்லாமல் அடியிலேயே நிற்கும். பூஞ்சணம் பிடிக்கும். இதைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

2013 யூலை 8 மழை பலருக்கு நினைவிருக்கும். பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் பெய்தது. எங்கள் பேஸ்மென்டில் கிடந்த லாமினேட் பலகை ஓரமெல்லாம் ஊதிப்போயிற்று. மூன்றே கிழமையில், அதே சொல்லை நம்பி, தரை காய்ந்ததா என்றும் பாராமல் வினைல் வாங்கிப் போட்டேன். அடுத்த கோடையில் ஈரச்சாக்கு மணம். மூலையில் ஒரு பலகையைக் கிளப்பினால், அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். தரை அப்போதுதான் கழுவிவிட்டதுபோலக் கறுத்திருந்தது. அவ்வளவு காசும் குப்பைக்குப் போனது.

ஈரத்தைச் சோதிக்க, ஒன்றரை அடிச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் விடுங்கள். குறைந்தது 16 மணித்தியாலம். நான் இரண்டு நாள் விடுவேன். இரண்டு மூன்று இடத்தில் செய்யுங்கள், அந்தச் சுவரோரத்திலும்தான். தாளின் அடியில் துளிகள் நின்றாலோ தரை கறுத்தாலோ பெட்டியைத் திறக்காதீர்கள். திறந்த பெட்டியைப் பல கடைகள் திருப்பி எடுக்காது. காய்ந்திருந்தாலும், பனி உருகும் காலத்தில் இன்னொரு தடவை சோதித்துவிட்டுத்தான் நானென்றால் போடுவேன். அப்புறம் வெளியே போய், கூரைப்பீலிக் குழாய் சுவரடியிலேயே ஊற்றுகிறதா என்று பாருங்கள். தண்ணீரை முதலில் அங்கே, சுவரைவிட்டுத் தள்ளித் திருப்ப வேண்டும்.

கேள்வி: கடையில் '20 மில்' என்றார்கள். வீட்டில் அளந்தால் பலகை 5 மில்லிமீட்டர்தான். ஏமாற்றிவிட்டார்களா? (மார்க்கம்)

பதில்: இல்லை. மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது பலகையின் தடிப்பு அல்ல, மேலே தேய்மானத்தைத் தாங்கும் படையின் தடிப்பு. 20 மில் என்றால் அரை மில்லிமீட்டர். நல்ல பலகைதான் வாங்கியிருக்கிறீர்கள். '8 மில்லிமீட்டர்' என்று மட்டும் விளம்பரம் செய்பவரிடம்தான் மேற்படை எத்தனை மில் என்று கேட்க வேண்டும்.

கேள்வி: அடியில் ஃபோம் ஒட்டியே வந்த பலகை. காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று கீழே இன்னொரு ஃபோமும் விரித்தேன். இப்போது பொருத்துகள் விலகுகின்றன. (பிராம்ப்டன்)

பதில்: கழற்றி, இரண்டாவது ஃபோமை எடுங்கள். பெட்டிக்குள் ஒரு தாள் இருந்திருக்கும். அதை வாசிக்கப் பத்து நிமிடம் போதும்.

கேள்வி: இரண்டு பெட்டி குறைந்துவிட்டது. அதே பெயர், அதே இலக்கம் பார்த்து வாங்கியும் நிறம் வேறாக இருக்கிறது. கடை மீது முறையிடலாமா? (ஏஜாக்ஸ்)

பதில்: எதற்கு? அறையை அளந்து, வெட்டுக்கழிவுக்குப் பத்து வீதம் கூட்டி ஒரே தடவையில் வாங்கியிருக்க வேண்டும். பெட்டியின் ஓரத்தில் உற்பத்தித் தொகுதி இலக்கம் இருக்கிறது. அது மாறினால் நிறமும் மாறலாம். நானும் மலிவு விற்பனையில் இரண்டு தொகுதிப் பெட்டிகளைக் கலந்து வாங்கியவன், இன்றும் அந்தக் கோடு கண்ணில் குத்துகிறது. புதிய பலகைகளை அலுமாரிக்குள்ளும் படிக்கட்டின் கீழும் போடுங்கள்.

கேள்வி: கணவர் இறந்தபின் தனியே இருக்கிறேன். ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்து, 4,200 டொலர் வரும் என்று ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதிக் கையெழுத்து வாங்கினார். 2,000 டொலர் காசாகக் கொடுத்தேன், பற்றுச்சீட்டு இல்லை. வேலை முடிந்ததும் 6,000 கேட்டுச் சத்தம்போடுகிறார். (ஸ்காபரோ)

பதில்: அம்மா, பயப்படாதீர்கள். பிழை உங்களுடையது அல்ல. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002 உங்கள் பக்கம் நிற்கிறது. ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால் அதற்கு மேல் பத்து வீதத்தைத் தாண்டி அறவிட முடியாது. 4,620க்கு மேல் கேட்டாலே, எழுதிய 4,200க்கே வேலையைத் தரும்படி நீங்கள் கேட்கலாம். இடையில் கூடுதல் தொகைக்கு ஒப்புக்கொண்டு வேறு எதிலும் கையெழுத்து வைக்கவில்லைதானே? இனியும் வைக்காதீர்கள். காசு கொடுத்த நாளைப் பற்றி அவர் அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்றிருந்தாலும் அழிக்காதீர்கள். "2,000 தந்திருக்கிறேன், மீதி 2,200" என்று இன்றே அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். மிரட்டல் நிற்காவிட்டால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடுங்கள். கதைக்க இன்னொருவர் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒன்று: வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட இத்தகைய ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்து பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

கேள்வி: பழைய வீடு. கம்பளத்தைக் கிளப்பினால் 9 அங்குலச் சதுர டைல்ஸ். சுரண்டி எடுத்துவிட்டு வினைல் போடலாமா? (மிசிசாகா)

பதில்: சுரண்டவே வேண்டாம். அந்த அளவு பழைய டைல்ஸிலும் அதன் பசையிலும் புற்றுநோய் தரும் அஸ்பெஸ்டஸ் நார் இருக்கலாம். ஆய்வுகூடச் சோதனை முடியும்வரை உடைக்காதீர்கள், பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: ட்ரெட்மில்லுக்குக் கீழே போட்ட ரப்பர் பாய், புது வினைலில் மஞ்சள் கறை வைத்துவிட்டது. எதைப் போட்டுத் தேய்க்க? (மார்க்கம்)

பதில்: தேய்த்துப் போகாது, ரப்பரில் உள்ள இரசாயனம் வினைலுக்குள் இறங்கிவிட்டது. மீந்த பலகைகள் இருந்தால், சுவரோரத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்து கறை பட்ட பலகைகளை மட்டும் மாற்றுங்கள்.