ஆசைக் காரை விற்று வீடு வாங்கலாமா?

ஆசைப்பட்டு வாங்கிய பென்ஸோ பிஎம்டபிள்யூவோ வாசலில் நிற்கிறது, குடியிருப்பது வாடகை வீட்டில். எதை விடுவது என்று பலர் கேட்கிறார்கள்.

முதலில் தேய்மானம். ஒரு பொருளின் மதிப்பு வருடா வருடம் இறங்குவதுதான் அது. ஒருமுறை கட்டிய பட்டுப்புடவையைக் கடைக்காரர் அதே விலைக்குத் திரும்ப எடுப்பாரா? காரும் அப்படித்தான். இன்சூரன்ஸ் தாளில் 'ஐடிவி' என்றொரு தொகை இருக்கும், தேய்மானம் போக உங்கள் காருக்கு இன்சூரன்ஸ்காரர்கள் போடும் மதிப்பு அது, எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் வழக்கமான கணக்குப்படி முதல் வருட முடிவில் 15%, ஐந்தாம் வருட முடிவில் 50% கழிந்துவிடும். சொகுசுக் கார் என்றால் பராமரிப்புச் செலவுக்குப் பயந்து இன்னும் குறைத்தே கேட்பார்கள்.

அப்புறம் தவணை. கார் கடன் ஓடினால் அதன் மாதத் தவணையை உங்கள் வருமானத்தில் கழித்துக்கொண்டுதான் வங்கி வீட்டுக்கடன் தொகையை முடிவு செய்யும். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வீட்டு மதிப்பில் 75% வரைதான் கிடைக்கும். மீதியும் பத்திரச் செலவும் கைக்காசு. முன்பணம் மட்டும்தான் இடிக்கிறது என்றால், மனசு வலித்தாலும் காரை இப்போதே விற்றுவிடுங்கள்.

வீடு என்றாலே விலை ஏறும் என்பதும் சரியல்ல: ஏறுவது நிலம், கட்டடம் தேயும், அடுக்குமாடி வீடென்றால் உங்கள் பங்குக்கு எவ்வளவு நிலம் வருகிறது என்று பத்திரத்தில் பாருங்கள்.