கசப்பிலைத் தடி: எப்போது நடுவது, எப்படிக் கழுவுவது

கேள்வி: கட்டாரில் வேலை செய்த என் மகன் அங்கே நைஜீரியக் கூட்டாளிமாரோடு சாப்பிட்டுப் பழகிய கீரை என்று சொல்லி, கொழும்பில் தெரிந்த வீடொன்றிலிருந்து ‘பிட்டர் லீஃப்’ தடி ஐந்து கொண்டுவந்தான். கார்த்திகையில் முற்றத்து மணலில் நட்டோம். இரண்டு அழுகிப்போனது. ஒன்று துளிர்த்துவிட்டுச் செத்தது. மற்ற இரண்டும் என் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. ஆனி, ஆடி வந்ததும் இலை ஓரமெல்லாம் கருகுகிறது. முருங்கையிலை மாதிரித் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினால் வாயில் வைக்க முடியவில்லை. தேங்காய்ப்பால் விட்டும் பார்த்தோம், கறி முழுவதும் கசந்தது. சீனி வருத்தத்துக்கு இதன் சாறு நல்லது என்கிறார்கள், குடிக்கலாமா? வெட்டும் கொப்பை ஆட்டுக்குப் போடலாமா? ‘உகு’ என்றொரு கொடியின் விதையையும் வரவழைக்கட்டுமா என்று மகன் கேட்கிறான். (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: அம்மா, உங்கள் செடியில் பிழை இல்லை. நட்ட மாதம் பிழை, சமைத்த ஒழுங்கு பிழை. இரண்டையும் மாற்றினால் அந்த இரண்டு செடியே ஒரு குடும்பத்துக்குப் போதும்.

இது வெர்னோனியா அமிக்டலினா. சூரியகாந்திக் குடும்பம், ஆபிரிக்காவின் வெப்பப் பகுதிக்குரிய புதர். நைஜீரியாவின் இக்போ மக்கள் ஒனுக்பு என்பார்கள், யொரூபா மக்கள் எவூரோ என்பார்கள். கீரை என்றதும் நாம் பாத்தி கட்டி விதை தூவி மூன்று கிழமையில் பிடுங்கும் பயிரை நினைக்கிறோம். இதை அப்படி நினைக்கக் கூடாது. வேலியில் நிற்கும் முருங்கையைப் போல, தடி ஊன்றி வளர்த்து, வெட்டி வெட்டி ஆண்டுக்கணக்கில் இலை எடுக்கும் செடி இது. விதையும் உண்டு, ஆனால் முளைப்பு மோசம். தடிதான் நல்லது.

முதலில் அழுகிய தடிகளின் கதை. மழை தொடங்கினால் எதையும் ஊன்றலாம் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். மரவள்ளிக்கும் முருங்கைக்கும் அது பெரும்பாலும் சரிவரும். இதற்குக் கார்த்திகை, மார்கழி ஆகாது. அந்த மாதங்களில் எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே உங்கள் கடற்கரைப் பக்கத்தில், நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். மேல்மணல் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் ஒரு முழம் கீழே தண்ணீர் நிற்கும். வேர் இல்லாத தடியின் வெட்டுவாய் அந்தத் தண்ணீரில் கிடந்தால் பட்டை கறுத்துக் கழன்றுவிடும். மாரி ஓய்கிற தை நடுப்பகுதி முதல் மாசி முடியும் வரை நடுங்கள். மண்ணில் ஈரம் இருக்கும், தேங்கும் தண்ணீர் இருக்காது. ஆனியில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று எழும்பு முன் வேர் பிடிக்க மூன்று நான்கு மாதம் கிடைக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்துக் களிமண் வளவென்றால் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நடுவதுதான் ஒரே வழி.

துளிர்த்துச் செத்த தடிக்குக் காரணம் வேறு. தடி தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் உணவைக் கொண்டே முதல் இலைகளை விடும். வேர் வருவது அதற்குப் பிறகு. பச்சையைக் கண்டதும் ‘பிடித்துவிட்டது’ என்று நிழலை எடுத்தாலோ, ஆட்டிப் பார்த்தாலோ, அப்போதுதான் அரும்பும் வேர் அறுந்துவிடும். துளிர் கண்ட பிறகும் மூன்று நான்கு கிழமை கிடுகு நிழல் இருக்கட்டும்.

அடுத்த மாசிக்கு இருக்கிற செடியிலேயே தடி வெட்டலாம். பச்சைக் குருத்தும் வேண்டாம், மணிக்கட்டுப் பருமனில் முற்றிய அடியும் வேண்டாம். பெருவிரல் பருமனில், பட்டை சாம்பல் நிறத்துக்குத் திரும்பிய கொப்பு எடுங்கள். ஒவ்வொன்றும் பத்து அங்குலம், நான்கு கணுவாவது இருக்க வேண்டும். அடியைச் சரிவாகவும் நுனியைத் தட்டையாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் பிழை வராது. இலை உதிர்த்த தடியில் அந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது. இலை முழுவதையும் கிள்ளிவிட்டு, நிழலில் ஓர் இரவு வைத்து வெட்டுவாயைக் காயவிடுங்கள். பிறகு பாதித் தடி மண்ணுக்குள் இருக்க, சரித்து ஊன்றுங்கள். சரித்து நட்டால் துளிர் சீக்கிரம் வரும். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள். வேலியாக வேண்டுமென்றால் ஒன்றரை அடி போதும்.

மணலுக்குக் குழி எடுக்கும்போது கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒன்றரை அடி ஆழம், அதே அகலம். அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டைகளை உட்குழி மேலே பார்க்கும்படி ஒரு வரிசை அடுக்குங்கள், தண்ணீர் பிடித்து வைக்கும். அதன் மேல் மண்ணோடு ஒரு வாளி மக்கிய மாட்டெருவும், நெல் ஆலையில் கிடைக்கும் உமியைக் கருக்கி அதில் அரை வாளியும் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணியும் புது ஆட்டுப் புழுக்கையும் வேண்டாம். அவை குழிக்குள் கிடந்து மக்கும்போது எழும் சூடு வேரைச் சுடும்.

இப்போது இலை ஓரம் கருகுவதைப் பார்ப்போம். இதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மருந்து வேறு வேறு. காற்றடிக்கும் பக்கத்து இலை மட்டும் கருகி மறுபக்கம் பசுமையாக இருந்தால் அது கச்சான் காற்றின் வேலை. மேற்கிலும் தென்மேற்கிலும் ஒரு கிடுகு மறைப்போ வாழை வரிசையோ போதும். செடியின் எல்லாப் பக்கத்திலும் அடி இலையின் ஓரம் கருகி, தண்ணீர் ஊற்றும் இடத்தில் மண் மேல் வெள்ளை படிந்தால் அது உப்பு. களுவாஞ்சிகுடி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊர், ஆடி ஆவணியில் கிணறு இறங்கும்போது தண்ணீர் உவர்ப்பது புதினமில்லை. அந்தத் தண்ணீரில் போட்ட தேநீர் நாக்குக்கு உவர்த்தால் செடிக்கும் உவர்க்கும். அதையே ஊற்ற வேண்டியிருந்தால், நாளுக்கு ஒரு செம்பு என்று தெளிக்காதீர்கள். கொஞ்சத் தண்ணீர் ஆவியாகிப் போய் உப்பை மட்டும் வேரடியில் விட்டுவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு வாளி நிறைய, அடியில் மெதுவாக ஊற்றுங்கள். உப்பு கீழே கழுவுப்படும். இலையில் படவிடாதீர்கள். செடியைச் சுற்றிக் காய்ந்த இலைகுழையை நான்கு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள்.

வெள்ளைப் படிவும் இல்லை, காற்றுப் பக்கமும் இல்லை, முற்றிய இலையின் ஓரம் மஞ்சளாகிப் பிறகு கருகுகிறது என்றால் பொட்டாசியம் போதவில்லை. மணலில் அது எப்போதும் குறைவுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி போடலாம். உப்புப் பட்ட செடிக்குச் சாம்பல் போடக் கூடாது, இன்னும் உப்பைக் கூட்டும். அதனால்தான் முதலில் எது என்று பாருங்கள் என்கிறேன். சாம்பலையும் யூரியாவையும் ஒரே நாளில் போடவும் கூடாது, யூரியாவின் சத்து காற்றோடு போய்விடும். சந்தேகமாக இருந்தால் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீரோடு போய்க் கேளுங்கள்.

செடியை ஆளுயரத்துக்கு விட்டது இன்னொரு தவறு. உயர விட்டால் மேலே நாலு இலையும் கீழே வெறும் தடியுமாகத்தான் நிற்கும். மாரி தொடங்கி முதல் நல்ல மழை விழுந்ததும் இரண்டடி உயரத்தில் துணிந்து வெட்டுங்கள், சாகாது. பக்கத்திலிருந்து ஐந்தாறு கொப்பு வெடிக்கும். அவை ஒரு முழம் நீண்டதும் நுனியிலிருந்து ஒரு சாண் அளவு ஒடித்து எடுங்கள், ஒவ்வொரு கொப்பிலும் அடியில் நாலைந்து இலை மிஞ்சட்டும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை இப்படி எடுக்கலாம், கோடையில் இடைவெளி கூடும். ஒடித்த பிறகு செடிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய எரு, அல்லது ஒரு மட்டத் தேக்கரண்டி யூரியாவைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தூவித் தண்ணீர் ஊற்றுங்கள். அதிகம் போட்டால் இலை கொழுக்கும், கூடவே அசுவினியும் வந்து சேரும். வெள்ளைப் பூமொட்டு கண்டால் கொப்போடு வெட்டிவிடுங்கள், பூத்த கொப்பின் இலை சிறுத்து நாராகிவிடும். தேனீ வளர்ப்பவராக இருந்தால் மட்டும் ஒரு கொப்பை விடலாம்.

அசுவினி, வெண்மூட்டுப்பூச்சி வந்தால் கடை மருந்து வேண்டாம், சாப்பிடும் இலை. குத்திய வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரம் இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். தெளித்தால் அடுத்த ஒரு கிழமைக்கு இலை எடுக்காதீர்கள்.

சமையலுக்கு வருவோம், உங்கள் மனம் நொந்தது அங்கேதான். தேங்காய்ப்பால் கசப்பை மறைக்கும் என்று நினைத்தீர்கள். இந்த இலையின் கசப்பு வெர்னோடாலின் போன்ற பொருள்களாலும் சப்போனினாலும் வருவது. கழுவாமல் பாலில் போட்டால் இலையின் கசப்பு பாலுக்குள் இறங்கும், இலையும் கசக்கும், குழம்பும் கசக்கும். மேற்கு ஆபிரிக்க வீடுகளில் இதற்குச் செலவாகும் நேரத்தில் பெரும்பங்கு அடுப்பில் இல்லை, கழுவும் சட்டியில்தான்.

அரைக் கிலோ இலை எடுங்கள். நடு நரம்பை உருவி எறியுங்கள். பெரிய சட்டியில் போட்டு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்புத் தூவி, துணி தோய்ப்பதுபோல இரு கையாலும் கசக்குங்கள். பச்சை நுரை வரும், அதுதான் சப்போனின். தண்ணீர் விட்டு அலசிப் பிழிந்து ஊற்றிவிட்டு மறுபடி கசக்குங்கள். நான்கு முதல் ஆறு தண்ணீர் தேவைப்படும். நுரை வெளுக்கத் தொடங்கியதும் ஓர் இலையைக் கடித்துப் பாருங்கள். பாகற்காய் அளவு கசப்பு நின்றால் அங்கே நிறுத்துங்கள். கசப்பே இல்லாமல் கழுவ முடியும், ஆனால் அதற்குள் விட்டமின் சீயும் போய்விடும், வைக்கோலைத் தின்பதுபோல இருக்கும். பிறகு கொதிநீரில் பத்து நிமிடம் அவித்து அந்தத் தண்ணீரையும் ஊற்றிவிடுங்கள். நைஜீரியாவில் இந்த இடத்தில் ‘அகான்வூ’ என்ற கார உப்புக் கல் போடுவார்கள். நமக்கு அப்பச்சோடா கால் தேக்கரண்டி போதும். கூடினால் இலை கூழாகிச் சவர்க்கார வாடை அடிக்கும்.

இப்படிப் பிழிந்த உருண்டையைத் தேங்காய்ப்பூவோடு சுண்டலாம், பருப்போடு போடலாம். ஆனால் மட்டக்களப்பு அடுக்களைக்கு மிகப் பொருந்துவது கமரூனின் ‘ந்டோலே’. அதற்கு வேண்டிய இரண்டு சாமானும் எங்கள் சந்தையிலேயே இருக்கின்றன: கச்சான் (நிலக்கடலை), காய்ந்த கூனி (சின்ன இறால்). பச்சைக் கச்சான் பருப்பு 200 கிராமைக் கால் மணி நேரம் அவித்துத் தோல் நீக்கி, ஒரு வெங்காயம், நான்கு பல் உள்ளி, பெருவிரல் நுனியளவு இஞ்சியோடு விழுதாக அரையுங்கள். வறுக்க வேண்டாம், வறுத்தால் சுவை மாறிவிடும். எண்ணெயில் இன்னொரு வெங்காயத்தை வதக்கி, மண் போகக் கழுவிய கூனி இரண்டு மேசைக்கரண்டியைப் பொரியவிட்டு, விழுதையும் இரண்டு கோப்பைத் தண்ணீரையும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் கிண்டுங்கள், அடிப்பிடிக்கும். கடைசியில் இலையைப் போட்டு ஐந்து நிமிடம். இறால், இறைச்சி இருந்தால் வேறாகச் சமைத்துச் சேர்க்கலாம். அவித்த மரவள்ளியோடு நன்றாக இருக்கும். உங்கள் மகன் சாப்பிட்டது இக்போ வகையாக இருந்தால் அதில் கச்சான் இருக்காது. அவித்து இடித்த சேமன் இனக் கிழங்கால் குழம்பைத் தடிப்பாக்குவார்கள். நம் சேப்பங்கிழங்கு அந்த வேலையைச் செய்யும்.

அதிகம் ஒடித்த நாளில் எல்லாவற்றையும் கழுவிப் பிழிந்து உருண்டையாக்கி ஐஸ் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். குளிரூட்டியின் கீழ்த் தட்டில் மூன்று நாள்.

சாறு விஷயத்தில் என் பதில்: குடிக்க வேண்டாம். எலிகளில் இரத்தச் சீனி குறைந்ததாக ஆய்வுகள் உண்டு, அது உண்மை. அதனாலேயேதான் பயம். கிளினிக்கில் தந்த கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் கழுவாத சாற்றையும் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து நடுங்கி விழக்கூடும். தன்சானியாவின் மகாலே காட்டில் வயிற்றுப் புழுவால் வாடும் சிம்பன்சிகள் இதன் குருத்துத் தண்டை மென்று சாறு உறிஞ்சுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவைகூட இலையையும் பட்டையையும் உரித்து எறிந்துவிடுகின்றன. கழுவி அவித்த கறியாகக் கிழமையில் ஒன்றிரண்டு தரம் சாப்பிடுங்கள், குளிசையை நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்குச் சாறு கூடவே கூடாது.

ஆட்டுக்குப் போடலாம். எத்தியோப்பியாவில் ஆடு மாட்டுக்கு இது வழக்கமான குழைதான். முதல் நாளே கட்டாகப் போட்டால் தொடாது. புல்லோடும் கிளிசரியாவோடும் ஒரு பிடி கலந்து பழக்குங்கள். முழுத் தீனியாகக் கொடுக்காதீர்கள். ஆடு சுவை கண்டபின் வேலியைப் பலமாகக் கட்டுங்கள், இளம் தடியை அடியோடு உரித்துவிடும்.

உகு என்பது பூசணிக் குடும்பத்து இலைக்கறிக் கொடி. அதன் விதையை வரவழைக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். வெளிநாட்டு விதையும் தடியும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள் வரக் கூடாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பறிப்பார்கள், பறிக்க வேண்டியதும்தான். அனுமதி கிடைத்தாலும் பயன் குறைவு. உகு விதை காய்ந்தால் செத்துவிடும், தபாலில் வரும் உலர்ந்த விதை முளைக்காது. முளைத்தாலும் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பூக்கும் வரை எது என்று தெரியாது. அவருக்கு வேண்டியது அந்த இலையின் ருசி என்றால், பூசணிக் கொடியின் நுனிக் கொழுந்தை நார் உரித்து அதே கச்சான் விழுதில் போட்டுக் கொடுங்கள். கழுவும் வேலையும் மிச்சம்.