பம்பாயின் கேஈஎம் (கிங் எட்வர்ட் மெமோரியல்) ஆஸ்பத்திரி அரசுப் பணத்தில் வந்ததா, தர்மப் பணத்திலா?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கும் பழக்கமான பரேல் ஆஸ்பத்திரி பற்றிய கேள்வி இது. இரண்டு பணமும் சேர்ந்துதான் அது உருவானது. ஆனால் இங்கே பொதுப்பணம் என்றால் மாநகராட்சியின் வரிப்பணம், மாகாண அரசுடையது அல்ல. அதைக் கவனிக்க வேண்டும்.

அன்றைய வழக்கம், கட்டடத்துக்குச் செல்வந்தர் கொடுப்பார், நடத்துவதை அரசு பார்த்துக்கொள்ளும். 1845-இல் திறந்த ஜே.ஜே. ஆஸ்பத்திரி அப்படித்தான், ஜம்ஷெட்ஜி ஜீஜிபாய் பெருந்தொகை கொடுத்தார். பக்கத்திலிருந்த கிராண்ட் மருத்துவக் கல்லூரியும் அரசுடையது. அதனால் பேராசிரியர் பதவிகள் பெரும்பாலும் இந்திய மருத்துவப் பணி என்ற ஆங்கிலேய அரசின் மருத்துவத் துறையிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கே போயின. நன்றாகப் படித்த இந்திய டாக்டர்கள் எத்தனையோ பேர் இருந்தும் இந்த நிலைமை. எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம்.

அப்புறம்தான் சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் என்ற செல்வந்தரின் அறங்காவலர்கள், பரேலில் இந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மருத்துவக் கல்லூரிக்குப் பணம் தர முன்வந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: அங்கே பாடம் நடத்துபவர்கள் இந்தியர்களாகவே இருக்க வேண்டும். மாநகராட்சி அதை ஏற்றது. 1926-இல் ஆஸ்பத்திரி திறந்தது. கல்லூரிக்குச் சேட்டின் பெயர், ஆஸ்பத்திரிக்கு ஏழாம் எட்வர்ட் மன்னர் பெயர். நடத்தும் செலவு மட்டும் அன்றும் இன்றும் மாநகராட்சியுடையது.