நோட்டு டைம் பார் ஆயிடுச்சு, ஆயாவுக்கு குடுக்கணுமா?

கேள்வி: அண்ணே, நாங்க தண்டையார்பேட்டை. 2019 ஜூன்ல எங்க அக்கா கல்யாணத்துக்கு அப்பா பக்கத்து தெருவுல மீன் விக்கற ஆயா கிட்ட ஒன்றரை லட்சம் வாங்கி புரோநோட்டு எழுதிக் குடுத்தாரு. ஒரு வட்டி தான், மாசம் 1,500. கையில குடுத்துட்டு வந்தாரு, லாக்டவுன்ல சில மாசம் விட்டுப் போச்சு. 2022 ஆகஸ்ட்ல அப்பா தவறிட்டாரு. வருஷ திதி முடிஞ்சப்புறம் தான் ஆயா வந்து கேட்டுச்சு. மாடி ரூம் வேலை ஓடுது, கொஞ்சம் பொறுத்துக்கோ ஆயான்னு அண்ணன் சொல்லி அனுப்பிட்டான். அப்புறமும் ரெண்டு மூணு தடவ வந்துட்டுப் போச்சு. இப்ப தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர், நோட்டு டைம் பார் ஆயிடுச்சு, அதாவது கேஸ் போடற கெடு முடிஞ்சிடுச்சு, ஒத்த பைசா தர வேணாம், எதுலயும் கையெழுத்து மட்டும் போட்றாதீங்கன்னு சொல்லிட்டாரு. அண்ணன் அத்தயே புடிச்சுக்கிட்டான், அம்மா அவன் கூட பேசறதே இல்ல. சட்டமே தர வேணாம்னு சொல்றப்ப நாங்க தராம இருந்தா தப்பா?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: தப்பு தான் தம்பி. ஆனா உங்க வக்கீல் சொன்னது சட்டப்படி சரி, அதையும் மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த மாதிரி லெட்டர் வந்தா நிறைய பேரு வக்கீல திட்டி பதில் எழுதுவாங்க, அது தேவையில்ல.

கணக்கு எப்படி வருதுன்னு பாருங்க. 1963 காலவரம்புச் சட்டம், லிமிடேஷன் ஆக்ட்னு கோர்ட்டு பக்கம் சொல்றது, அதுப்படி கேட்டப்ப தரேன்னு எழுதின நோட்டுக்கு எழுதின தேதிலேந்து மூணு வருஷம். அதுக்குள்ள கேஸ் போடணும். 2019 ஜூன்னா 2022 ஜூன்ல முடிஞ்சிருக்கணும், ஆனா கொரோனா வந்ததால 2020 மார்ச் 15லேந்து 2022 பிப்ரவரி 28 வரைக்கும் இருக்கற நாள கணக்குல சேக்க வேணாம்னு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டுச்சு, அத கழிச்சா ஆயாவோட கெடு 2024 நடுவு வரைக்கும் போவுது. அதாவது உங்க அப்பா தவறினப்ப நோட்டு உயிரோட தான் இருந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் பாக்கி கெடந்துச்சு. அந்த ரெண்டு வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. துக்க வீட்ல துட்டு கேக்கக் கூடாதுன்னு ஒரு வருஷம் அந்தம்மா வாய தொறக்கல, மீதி நாள் உங்க அண்ணன் பொறுத்துக்கோன்னு சொன்னதால பொறுத்துச்சு. டைம் கேட்டது நீங்க, இப்ப டைம் போச்சுன்னு சொல்றதும் நீங்க.

இன்னொன்னு கேளுங்க, இது தான் எனக்கு ரொம்ப உறுத்துது. அப்பா மாசாமாசம் வட்டி குடுத்தாரு இல்ல, அந்த ஒவ்வொரு தடவையும் கெடு திரும்ப மொதல்லேந்து ஆரம்பிச்சிருக்கும். அந்தச் சட்டத்துலயே 19வது பிரிவு அப்படித் தான் சொல்லுது, கெடுவுக்குள்ள வட்டியோ அசல்ல கொஞ்சமோ கட்டினா அன்னிலேந்து புது மூணு வருஷம். ஆனா ஒரு கண்டிஷன், கட்டினது கட்டினவர் கைப்பட எழுதியோ கையெழுத்தோட எழுத்துலயோ இருக்கணும், நோட்டு பின்னாடி வரவு வெச்சு கையெழுத்து போடறாங்களே அது மாதிரி. உங்க அப்பா கையில குடுத்தாரு, ஆயா முந்தானையில முடிஞ்சுக்கிச்சு, எழுதச் சொல்லி கேட்டா அப்பா மனசு கஷ்டப்படும்னு கேக்கல. கோர்ட்ட பொறுத்த வரைக்கும் அந்த வட்டிக்கெல்லாம் கெடு நீளாது. உங்க அண்ணன் பொறுத்துக்கோன்னு சொன்னதும் அதே கதை தான், எழுதி கையெழுத்து போட்டிருந்தா கெடு நீண்டிருக்கும், வாசல்ல நின்னு வாயால சொன்னா நீளாது. யார் எவ்ளோ நம்பினாங்களோ அவ்ளோ நஷ்டம், இப்படித் தான் முடியுது இந்தச் சட்டம் கறாரா பாயற இடத்துல.

கோர்ட்டுல போய் கெஞ்சினா லேட்ட மன்னிக்க மாட்டாங்களான்னு அம்மா கேக்கலாம். அப்பீலு, மனு இதுக்கெல்லாம் அந்த மன்னிப்பு உண்டு, மொதல் தடவ போடற வழக்குக்கு கிடையாது. இத விட ஒரு படி மேல, எதிர் பார்ட்டி டைம் போச்சுன்னு வாயே தொறக்கலன்னாலும் ஜட்ஜு தானா பாத்து தள்ளுபடி பண்ணணும்னு 3வது பிரிவு சொல்லுது. ஜட்ஜுக்கு மனசு இருக்கு, ஆனா கை கட்டியிருக்கு. 2024ல முசாபர்நகர் பக்கம் ஒரு தினக்கூலி தொழிலாளி மகன் ஐஐடி தன்பாத்ல சீட்டு கெடச்சும் 17,500 ரூபா பீஸ கடைசி நிமிஷத்துல கட்ட முடியாம சீட்டு போச்சு, அந்தப் பையன் நம்ம சென்னை ஐகோர்ட்டு வரைக்கும் வந்து அலைஞ்சான், கடைசில செப்டம்பர் 30ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தான் அரசியல் சட்டத்துல முழு நியாயம் கெடைக்க உத்தரவு போடலாம்னு சொல்ற 142வது பிரிவ எடுத்து சேத்துக்க சொல்லுச்சு. விதி தப்பில்ல, ஆனா இந்தப் பையன் விஷயத்துல அநியாயம்னு தெரிஞ்சு வளைச்சாங்க. அந்தப் பிரிவு சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும் தான். மீன் கூடைய எறக்கி வெச்சுட்டு ஆயா டெல்லிக்கா போவும்?

இதுக்காக கெடுவே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு எவனோ ஒருத்தன் உங்க தாத்தா 1985ல எழுதின நோட்டுன்னு ஒரு காயிதத்த தூக்கிட்டு வந்தா என்ன பண்ணுவீங்க? எழுதினவர் இல்ல, சாட்சி போட்டவர் இல்ல, கட்டி முடிச்சாரா இல்லையான்னு சொல்ல ஆளில்ல. ஜட்ஜு அந்த இடத்துல இல்ல, அவருக்கு எது நெஜம்னு தெரிய வழியில்ல, அதனால ஒரு கோட்ட போட்டு வெச்சிருக்காங்க. நியாயமான கோடு தான்.

ஆனா நீங்க அந்த இடத்துல இருந்தீங்களே. துட்டு வந்தது தெரியும், அக்கா கல்யாணம் நடந்தது தெரியும், பாக்கி இருக்கறது தெரியும், அண்ணன் வாசல்ல நின்னு சொன்னத நீங்களே காதால கேட்டிருக்கீங்க. தெரியாதவங்களுக்காக எழுதின சட்டத்த தெரிஞ்ச நீங்க எடுத்து போத்திக்கறது எப்படி? ஐகோர்ட்டு காம்பவுண்டுல மனுநீதிச் சோழன் சிலை வெச்சிருக்காங்க, பாரிஸ் பக்கம் போனா எல்லாரும் பாத்திருப்பீங்க, கறாருன்னா அது தான் கறாருன்னு சொல்லுவோம், ஆனா அந்த ராஜா கறாரா நின்னது தன் புள்ள மேல, மாட்டு மேல இல்ல. உங்க அண்ணன் தலைகீழா ஆயா மேல கறார் காட்டறாரு.

சட்டமே கூட கடன் ஒழிஞ்சுதுன்னு சொல்லல, இத அண்ணன் கிட்ட அழுத்திச் சொல்லுங்க. கெடு போனா வழக்கு போடற வழி தான் அடையுது, கடன் கடனாவே தான் இருக்குன்னு சுப்ரீம் கோர்ட்டு 1950கள்லயே சொல்லிடுச்சு. டைம் பார் ஆன கடன தரேன்னு புதுசா எழுதி கையெழுத்து போட்டா அதுவும் செல்லும், 1872 ஒப்பந்தச் சட்டத்துலயே 25வது பிரிவுல அதுக்கு எடம் விட்டு வெச்சிருக்கான் வெள்ளக்காரன். வக்கீல் கையெழுத்து போட்றாதீங்கன்னு பயமுறுத்தினது இதுக்குத் தான்.

அண்ணன் இன்னொரு பாயிண்ட் எடுப்பாரு, அப்பா கடனுக்கு புள்ள ஏன் கட்டணும்னு. சரி தான், முன்ன இந்துக் குடும்பத்துல அப்பா கடன அடைக்கறது மகன் கடமைன்னு ஒண்ணு சட்டத்துல இருந்துச்சு, 2005 திருத்தத்துல அத எடுத்துட்டாங்க. உங்க சம்பளத்துல கை வைக்க முடியாது. ஆனா அப்பா விட்டுட்டுப் போன சொத்து மதிப்பு வரைக்கும் பொறுப்பு உண்டு, நீங்க மாடி ரூம் கட்டினது அப்பா வீட்டு மேல தானே தம்பி.

ஆயா கந்து வட்டி, மீட்டர் வட்டி பார்ட்டியா இருந்தா நான் வேற பதில் எழுதியிருப்பேன், அதுக்கு 2003லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் இருக்கு. இங்க ஒரு வட்டிக்கு குடுத்திருக்கு அந்தம்மா. நம்ம ஏரியால இன்னிக்கு எவன் தரான் ஒரு வட்டிக்கு?

என்ன பண்ணலாம்னா, அம்மாவ கூட்டிக்கிட்டு நீங்களே ஆயா வீட்டுக்குப் போங்க, அத உங்க வாசலுக்கு வர வைக்காதீங்க. அசல் ஒன்றரை லட்சம், மாசம் 5,000ன்னா 30 மாசம், அண்ணன் தம்பி ஆளுக்கு 2,500, மாடி ரூம வாடகைக்கு விட்டிருந்தா அதுலயே வந்துடும். அப்பா போனப்புறம் உள்ள வட்டிய என்ன பண்றதுன்னு ஆயா கிட்ட நேரா கேளுங்க, அசல் வந்தா போதும்னு சொன்னாலும் சொல்லும், ஆனா அத அது தான் சொல்லணும், நீங்க போய் வட்டிய தள்ளுன்னு பேரம் பேசாதீங்க. எவ்ளோ, எத்தன மாசம்னு ஒரு காயிதத்துல எழுதி கையெழுத்து போட்டு ஆயா கையில குடுத்துடுங்க. துட்ட கையில குடுக்காம ஆயா பேங்க் அக்கவுண்டுல போடுங்க, பேங்க் பக்கம் போவாத ஆளா இருந்தா நோட்டு பின்னாடி ஒவ்வொரு மாசமும் வரவு வெச்சு தேதி போட்டு நீங்களும் கையெழுத்து போடுங்க ஆயா ரேகையும் வாங்குங்க, இது ரெண்டு பேருக்கும் நல்லது. கடைசி தவண முடிஞ்சதும் நோட்ட வாங்கிக்கங்க, அதுக்கு முன்னாடி கேக்காதீங்க.

அண்ணன் ஒத்துக்கலன்னா அவருக்காக காத்திருக்க வேணாம், உங்க பங்கு 2,500ஐ இந்த மாசமே ஆரம்பிச்சுடுங்க. கட்டினப்புறம் டைம் பார் ஆன கடன ஏன் கட்டினேன்னு திருப்பிக் கேட்டா எந்தக் கோர்ட்டும் தராது, அது தெரிஞ்சே கட்டுங்க. அம்மா பேச ஆரம்பிச்சா அண்ணன் தானா வழிக்கு வருவாருன்னு தான் எனக்குத் தோணுது, ரொம்ப முட்டாதீங்க.

அப்புறம் அந்த தெரிஞ்ச வக்கீலு, பீஸ் எதுவும் வாங்கிக்கலன்னு நெனைக்கறேன். அவருக்கும் ஏதாவது குடுத்துடுங்க, அவரு வேலைய அவரு சரியா தான் பண்ணியிருக்காரு.