ஒரே பாடலாசிரியரின் பாடல்களை மட்டும் பாடி ஜாஸ் பாடகர்கள் ஏன் தனி ஆல்பம் வெளியிடுகிறார்கள்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அமெரிக்கப் பாடலாசிரியர் கோல் போர்ட்டரின் பாடல்களை ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடி 1956-இல் வந்த ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் புதிதாகத் தொடங்கிய வெர்வ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு அது. மொத்தம் 32 பாடல்கள், இசைக்குழுவுக்கான இசைக்கோப்பு பட்டி பிரெக்மன்.

போர்ட்டர் வரிகளையும் மெட்டையும் தானே எழுதியவர். பெரும்பாலும் நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களுக்காகவும் திரைப்படங்களுக்காகவும் எழுதினார். நாடகம் முடிந்தபின் பாடல்கள் ஆளுக்கொன்றாகப் பிரிந்துபோய்விடும். ஒரே குரலில், ஒரே இடத்தில் கேட்கும்போதுதான் அந்த மனிதரின் கைரேகை தெரிகிறது. எனக்கு இந்த வகை ஆல்பங்களின் அருமையே இதுதான்.

‘எவ்ரி டைம் வி சே குட்பை’ பாடலைக் கவனியுங்கள். மேஜரிலிருந்து (பொதுவாக மகிழ்ச்சியாக ஒலிக்கும் சுர அமைப்பு) மைனருக்கு (சோகமாக ஒலிப்பது) மாறுவதைப் பற்றி ஒரு வரி வரும், அதே இடத்தில் இசையும் அப்படியே மாறும். சொல்லும் சுரமும் ஒரே மூளையில் பிறந்தால்தான் இது முடியும். சொல்லில்லாமல் சுரங்களாலேயே விளையாடுவதில் ஃபிட்ஸ்ஜெரால்ட் பெரிய கில்லாடி, ஆனால் இங்கே அதைப் பெரும்பாலும் அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக வைக்கிறார். பாடலாசிரியருக்குத் தருகிற மரியாதை அதுதானே!

ஃபிட்ஸ்ஜெரால்டின் இந்த ஆல்ப வரிசை 1964 வரை எட்டு தொகுப்புகளாக வளர்ந்தது. போர்ட்டர் பிடித்துவிட்டால், அப்புறம் 1959-இல் நெல்சன் ரிடில் இசைக்கோப்பில் வந்த, கெர்ஷ்வின் சகோதரர்களின் பாடல்கள் கொண்ட தொகுப்புக்குப் போங்கள். அது இன்னும் பெரியது, நிதானமாகக் கேளுங்கள்.